லூப்புக்குச் சிவப்பு தெரியாது

ஜூலை 28, திங்கள்

காலை 5.10-க்கு எழுந்தேன். பால் வாங்கினேன். வாசல் பெருக்கினேன். நாய் வந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. "பத்தே நாள் வெச்சிருங்க கார்டு, வீடு பார்த்துட்டு வந்து கூட்டிக்கிறேன்" என்று விட்டுவிட்டு மாற்றலில் போன இன்ஜின் டிரைவர் பாலக்காட்டில் சௌக்கியமாக இருக்கிறார். போனைத்தான் எடுப்பதில்லை.

புது நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்கார்ந்து வந்தவன் நான். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை நிமிடம் நின்றோம் என்று எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதை எழுதுகிற கார்டு ஜர்னலில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேலே இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

நாய்க்கு லூப் என்று பெயர் வைத்தேன். வந்த அன்று மூலையில் ஒதுங்கிப் படுத்திருந்தது, எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் நிற்கிற கூட்ஸ் வண்டி மாதிரி. மறுநாளே மெயின் லைனுக்கு வந்துவிட்டது. எட்டு மாதம், இருபத்து நாலு கிலோ. பாதி லேப்ரடார், மீதியை அதன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். இதற்கு அந்நியர் என்று யாருமே கிடையாது. யாரைப் பார்த்தாலும் பத்து வருடம் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி ஓடிப்போய் மேலே ஏறுகிறது.

வசந்தாமணி கோவையில் மகள் மேகலா வீட்டில் இருக்கிறாள். மே 29 அன்று பின்கட்டில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. வாக்கர் பிடித்து நடக்கிறாள். வயதானால் எலும்பு அப்படித்தான். நாயைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பத்து நாள் விஷயத்தை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 30, புதன்

இஸ்திரி வண்டி ஆறுச்சாமி, எதிர்வீட்டு வக்கீலின் துணிகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனார். கேட் தாழ் போடவில்லை. (காரணம்: என் மறதி.) கண் மூடித் திறப்பதற்குள் லூப்பின் முன்னங்கால் இரண்டும் அவர் மார்பில் இருந்தன. ஆறுச்சாமி தெருவில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் புழுதியில் கிடந்தன. லூப் அவற்றின் மேல் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, மறுபடி அவர் முகத்தை நக்கியது.

"கடிச்சிருந்தாக்கூடக் கோவிச்சுக்கலாமுங்க. இது கொஞ்சுதே, இதை என்னத்தப் பண்றது?" என்றார், எழுந்திருக்காமலே.

சட்டைகளை நானே துவைத்துக் கொடுத்தேன். குளியலறையில் வாளி வைத்துத்தான் துவைத்தேன். துவைக்கிற கல் பக்கம் நான் போவதில்லை. அங்கே கொசு அதிகம்.

ஆகஸ்ட் 2, சனி

கொரியர்க்காரர், கரண்ட் மீட்டர் பார்க்க வந்த பெண், வழி தெரியாமல் கேட்டைத் தட்டிய ஆள். மூன்று பேர் மேலும் ஏறியது. மூன்றாவது ஆள் அதைத் திருப்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்படி இருந்தால் நாய் எப்படி உருப்படும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகலா போன் செய்தாள். செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் காரில் கூட்டிவருகிறாளாம். டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னாராம்: இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம். தரையில் ஈரம் கூடாது, மிதியடி கூடாது, வயர் எதுவும் குறுக்கே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் லூப் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குப் பகீரென்றது. இதற்கு வசந்தாமணி யார்? முன்பின் பார்த்திராத ஆள். கேட்டைத் திறந்து வாக்கரோடு உள்ளே வருகிற புது ஆள். இருபத்து நாலு கிலோவும் போய் அவள் மேல் விழுந்தால் என்ன ஆகும்?

கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சங்கிலியைக் கையில் எடுத்தேன். வாக்கிங் போகிறோம் என்று நினைத்து அதற்கு ஒரே குதூகலம். வாக்கிங் போய்விட்டு வந்தோம்.

நாற்பது நாள் இருக்கிறது. பழக்கிவிடலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

'இறங்கு' என்று அதட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். விளையாடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் ஏறுகிறது. கத்துகிற கத்தலில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பகல் முழுக்க யோசித்துவிட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேலையில் வைத்திருந்த பழைய சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விசில் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட வண்டியையே இந்தத் துணியைக் காட்டி நிறுத்தியவன் நான். ஒரு நாயை நிறுத்த முடியாதா? சிவப்பு என்றால் உட்கார வேண்டும். பச்சை என்றால் போய் ஆளைப் பார்க்கலாம். சட்டம் தெளிவாக இருந்தால் யாரும் மீற மாட்டார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிவப்புக்கு உட்காருகிறது. பச்சைக்கும் உட்காருகிறது. சில சமயம் இரண்டுக்குமே ஓடுகிறது. கொடி பழசு, சாயம் போய்விட்டது. அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 9, சனி

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஷகிலா பானுவிடம் போய்ப் பளிச்சென்று புதுத் துணியில் இரண்டு கொடி தைத்துத் தரக் கேட்டேன். ஒன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் அவர் வீட்டுப் படியேறியது இன்றுதான். எந்தக் கட்சிக்கு என்று கேட்டார். நாய்க்கு என்றேன். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லூப்புக்கு ஊசி போடக் கால்நடை டாக்டரிடம் போனேன். டாக்டர் நிரோஷா, சின்ன வயதுப் பெண். காத்திருந்த ஐந்து பேர் மடியிலும் லூப் ஒவ்வொருவராக ஏறி இறங்கியது. நான் புதுச் சிவப்புக் கொடியை எடுத்துக் காட்டினேன். பலன் இல்லை. நோட்டையும் காட்டினேன்: ஆறு நாள், எழுபத்திரண்டு தடவை, சரியாகச் செய்தது முப்பத்தாறு.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு சொன்னார்: "சார், நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரி மங்கலாத்தான் தெரியும்."

முப்பத்தாறு என்பது சரி பாதி. லூப் பூவா தலையா போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தவறாமல் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து நிறக்குருடு இல்லை என்று சான்று வாங்க வேண்டிய துறையில் வேலை பார்த்தவன், நாய்க்குக் கொடி காட்டியிருக்கிறேன். பாவம், அதை எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன்.

டாக்டர் சொன்ன முறை இது. தள்ளக் கூடாது, கத்தக் கூடாது. இரண்டுமே அதற்கு விளையாட்டு. ஆள் வரும்போது உட்கார்ந்தால் உடனே தீனி. ஏறினால் அந்த ஆள் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். உட்காருவதற்குக் கையால் ஒரே சைகை, எல்லோரும் அதையே காட்ட வேண்டும். ஒருத்தர் விட்டுக்கொடுத்தாலும் பழக்கம் கெட்டுவிடும்.

சைகை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. கையில் கொடி இல்லாத சமயத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் 'நில்' என்று அர்த்தம். ஒரு கையை மட்டும் நேராக நீட்டினால் 'வரலாம்'. எந்த டிரைவரும் மதிப்பார். கையைத் தூக்கினால் நாய்கள் இன்னும் குதிக்கத்தான் பார்க்கும், ஆனால் பொறுமையாகப் பழக்கினால் பழகும் என்றார் டாக்டர். அதோடு ஒரு குண்டையும் போட்டார். வீட்டு ஆளோடு பழக்கினால் போதாதாம். அந்நியர்கள் வேண்டுமாம், தினமும், வேறு வேறு ஆட்களாக.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்நியர்களுக்கு எங்கே போவது என்று நேற்றெல்லாம் மண்டையைக் குடைந்தேன். இன்று காலை வாசலில் நின்று பார்த்தபோது புரிந்தது. இந்தத் தெருவில் எல்லோருமே எனக்கு அந்நியர்கள்தான். வேலையில் இருந்தவரை ராத்திரி வண்டி, பகல் தூக்கம். ரிடையர் ஆன பிறகும் யாரோடும் பேசிப் பழகவில்லை. தெருவோடு உறவு முழுக்க வசந்தாமணிதான் வைத்திருந்தாள்.

ஆறுச்சாமியிடம் போய்க் கேட்டேன். கேட்பதற்குள் வேர்த்துவிட்டது. "மார்ல ஏறுன கடனுக்கு நான் வரமாட்டனுங்களா?" என்றார். ஷகிலா பானுவும் வந்தார். சிலிண்டர் போடும் ஆளையும் நிறுத்தினோம். நான் அவித்த கோழி ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருவராக நடந்து வந்து இரண்டு கையையும் தூக்கினார்கள். இருபதில் நாலு தடவை உட்கார்ந்தது.

ஷகிலா பானு வசந்தாமணியோடு வாராவாரம் போனில் பேசுவாராம். எனக்கு இது புதுச் செய்தி. நாயைப் பற்றி அவளிடம் மூச்சு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சரிங்கண்ணா" என்றார். அதற்கு ஏன் சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லூப்பை ஷகிலாவிடம் விட்டுவிட்டுக் கோவை போய் வந்தேன். வசந்தாமணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் ஏழு தடவை நடந்து காட்டினாள். நன்றாக இளைத்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைத் தோளிலிருந்து பழுப்பு முடி ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊதினாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, "துவைக்கற கல்லுப் பக்கம் எப்படி இருக்குதுங்க?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். காப்பி கேட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இருபதுக்கு ஒன்பது. ஈரல் தீர்ந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இருபதுக்குப் பதினாலு. சந்தோஷத்தில் மேகலாவோடு பேசும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, லூப்பும் கூடச் சேர்ந்து குரைத்தது. அவள் விடவில்லை. எல்லாவற்றையும் சொல்லும்படி ஆயிற்று.

பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேம்ப்பா. ஆனா நாங்க வர்ற அன்னைக்கு அது ஒரு தடவை மேல ஏறுச்சுன்னாலும், அன்னைக்கே வேற வீடு பார்த்துடணும். அம்மா இன்னொரு தடவை விழக் கூடாதுப்பா."

நியாயம்தான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது லூப் என் காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்று நாளாகப் பின்வாங்குகிறது. பதினாலு, பதினொன்று, எட்டு. யாரோ விட்டுக்கொடுக்கிறார்கள். ஆறுச்சாமிமேல்தான் சந்தேகம். வண்டி மறைவில் அதைக் கொஞ்சுகிறார் என்று நினைத்து, காலையில் நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்படிச் செய்வனுங்களா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒழுங்கு இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று கத்திவிட்டு வந்தேன்.

மத்தியானம் ஷகிலா மதில்மேல் எட்டிப் பார்த்தார். "அண்ணா, ஆறுச்சாமியண்ணன் கை தூக்கித் தூக்கித் தோளு வலிங்கறாரு. அவரைப் போய்த் திட்டிட்டீங்களே. நீங்கதானே தெனமும் சாயங்காலம் கடைக்குப் போய்ட்டு வந்து, கேட்டைச் சாத்திக்கிட்டு, அதை மேல ஏற விடறீங்க. தையல் மெஷின் ஜன்னல் ஓரந்தான் இருக்குது."

உள்ளே வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

உண்மைதான். நோட்டில் நான் அதை எழுதவில்லை. ஐந்து நிமிடம்தான் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்ததும் அது ஓடி வந்து இரண்டு காலையும் என் தோளில் போடும். நானும் குனிந்து கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை, விளக்கு இல்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்க நாதியில்லை. மூன்று மாதமாக என்னைப் பார்த்து ஓடி வந்த ஒரே ஜீவன் அது. அதைத் திரும்பிப் போ என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

சாயங்காலம் ஆறுச்சாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடையிலிருந்து 6.20-க்கு வந்தேன். லூப் ஓடி வந்தது. திரும்பி முதுகைக் காட்டினேன். முதுகில் ஏறியது. அசையாமல் நின்றேன். முனகியது. சுற்றிச் சுற்றி வந்தது. பதினோரு நிமிடம் கழித்து உட்கார்ந்தது. அப்போதுதான் ஒரு கையை நீட்டினேன். அதன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

மெடிக்கல் ஷாப்பில் வாக்கர் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். நாய்க்கு வாக்கரும் புதுசுதானே. ஆறுச்சாமி அதைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்து கேட் வரைக்கும் நடந்து வந்தார். நடிப்பில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டார். இடுப்பைப் பிடித்து, முனகி, நடுத்தெருவில் நின்று பெருமூச்சு விட்டார். எதிர்வீட்டு வக்கீலம்மா வெளியே ஓடி வந்து ஆறுச்சாமிக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவரும் பயிற்சியில் சேர்ந்துகொண்டார்.

ஷகிலா, வசந்தாமணியின் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாக்கரோடு வந்தார். அந்த வாசனை அதற்குப் பழகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லூப் உட்கார்ந்தது. இருபதுக்குப் பதினேழு.

அந்தச் சேலையை மடித்து வைக்கும்போது ஒரு மாதிரியாக இருந்தது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

உளியும் சுத்தியலும் வாங்கினேன். காலை 9.00 முதல் 12.40 வரை துவைக்கிற கல்லைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சிமெண்டுத் தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கினேன். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் அடித்தேன். கை கொப்பளித்துவிட்டது. லூப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எழுதிவிடுகிறேன். மே 29 காலை அந்தத் தரையில் பாசி பிடித்திருந்தது. தேய்க்கலாம் என்று நான்தான் சோப்புப் பொடியைக் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். அப்போது போன் வந்தது, பழைய சிநேகிதர். உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். சோப்பை அலசவும் இல்லை, வசந்தாமணியிடம் சொல்லவும் இல்லை. அவள் துணி ஊறவைக்கப் போனாள். சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஆதார் கார்டு எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே வந்தேன். கார்டை எடுப்பதற்கு முன்னால் நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தரையை அலசினேன். சாயங்காலம் மேகலா வந்து பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. வழுக்கிவிட்டது என்றேன். பொய் இல்லை. ஆனால் காரணத்தை நான் சொல்லவில்லை.

மே 29-க்கான காரணக் கட்டம் காலியாகவே இருக்கிறது. முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

இருபதுக்கு இருபது. வீட்டில் மிதியடி எல்லாம் எடுத்தாயிற்று. நாளைக்கு 10.30-க்குக் கார் வரும். லூப்பைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நான் கேட்டருகே நிற்பேன். ஆறுச்சாமி காருக்குப் பக்கத்தில் நிற்பார். எல்லாம் வரிசைப்படி நடக்கும். ஏறிவிட்டால் வாக்குக் கொடுத்தபடி செய்ய வேண்டியதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

9.40-க்கு லூப்பை இஸ்திரி வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டு, மல்லிகைப் பூ வாங்கத் தெருமுனைக்குப் போனேன். வசந்தாமணிக்குப் பிடிக்கும். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். பூவை இலையில் கட்டி வாங்கித் திரும்பும்போது மணி 9.52. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. முப்பத்தெட்டு நிமிடம் முன்னதாக. ரோடு காலியாக இருந்ததாம்.

மேகலா டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி அதற்குள் தானாக இறங்கி, வாக்கரை ஊன்றி, தெருவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். லூப் அவளைப் பார்த்துவிட்டது. ஒரே இழுப்பில் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு பாய்ந்தது.

எனக்கும் அவளுக்கும் நடுவே நூறு அடி இருக்கும். பூவை எங்கே போட்டேன் என்று தெரியாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். ஆனால் லூப்பின் முதுகுதான் என் பக்கம் இருந்தது, அது என்னைப் பார்க்கவே இல்லை. கத்தினால் விளையாட்டு என்று நினைக்கும். வாயைத் திறக்காமல் கையைத் தூக்கியபடி ஓடினேன். சாமி, இன்னொரு தடவை வேண்டாம் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அப்போது ஷகிலா கழுத்தில் அளவு டேப்போடு வாசலுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கினார். ஆறுச்சாமி இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். எதிர்வீட்டில் வக்கீலும் வக்கீலம்மாவும் தூக்கினார்கள். சிலிண்டர்க்காரர் தோளிலிருந்ததை இறக்கிவிட்டுத் தூக்கினார். ஒருத்தர்கூடப் பேசவில்லை. லூப் ஓடுகிற ஓட்டத்திலேயே இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எங்கே பார்த்தாலும் கை.

வாக்கருக்கு மூன்றடி தள்ளி, காலைச் சரக்கென்று தேய்த்து நின்று, உட்கார்ந்தது. வாலால் தெருப் புழுதியைப் பெருக்கியது. உடம்பெல்லாம் நடுங்கிற்று. ஆனால் எழவில்லை.

வசந்தாமணி தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கி நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, தெருவுல போலீஸ் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, ஒரு கையை நேராக நீட்டினேன். லூப் மெதுவாக வந்து, வாக்கரை மோந்து பார்த்துவிட்டு, அவள் சேலையில் மூக்கை வைத்து ஒரு நிமிடம் நின்றது. அவள் புறங்கையை மட்டும் ஒரு தடவை நக்கியது. மேலே ஏறவில்லை. மேகலா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கட்டும்ப்பா" என்றாள்.

வசந்தாமணிக்கு நாய் விஷயம் முன்பே தெரியுமாம். நான் போனில் பேசும்போதெல்லாம் வால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்டதாம். மிச்சத்தை ஷகிலா சொல்லியிருக்கிறார். என்னைவிட அவளுக்குத்தான் விவரம் அதிகம் தெரிந்திருந்தது, முதுகைக் காட்டி நின்ற பதினோரு நிமிடம் வரைக்கும்.

சாயங்காலம் மேகலா கிளம்பிய பிறகு, வசந்தாமணி பின்கட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். கொத்திய தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். சுவர்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பாசி, சோப்புப் பொடி, போன், நாற்பது நிமிடம், நாலு வாளி தண்ணீர். எதையும் விடாமல் சொன்னேன்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆசுபத்திரியில சேலை மாத்துன நர்சம்மா கேட்டாங்க, என்னங்கம்மா இத்தனை சோப்பு நுரைன்னு," என்றாள். "நாந்தான் பொடியக் கொட்டிப்போட்டேன்னு சொல்லிட்டேன். மேகலாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். உங்களை ஒரு பேச்சுப் பேசிருவாளேன்னு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்கமேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டனுங்க. இருந்துது. விழுந்ததுக்கு இல்லை. ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு. நீங்களா சொல்லட்டும்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்." கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சரி, உள்ள போலாம் வாங்க. ரொம்ப லேட்டுங்க நீங்க."

இரண்டு பேரும் மெதுவாக உள்ளே நடந்தோம். லூப் கதவருகே உட்கார்ந்து எங்களுக்கு வழிவிட்டது.

இப்போது அவள் தூங்குகிறாள். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, மே 29 என்று எழுதியிருந்த வரிக்கு நேரே எழுதினேன்.

தாமதம்: மூன்று மாதம், பதினாறு நாள்.

காரணம்: நான்.